வசனம் மட்டும் வைத்திருக்கும் சபை எது?

"வேதத்தில் எங்கே இருக்கிறது? வசனத்தைக் காட்டுங்கள்." தமிழ்க் கிறிஸ்தவர்கள் நடுவே எந்த வாக்குவாதத்தையும் முடித்துவைக்க இந்த ஒரு கேள்வி போதும். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, லெந்து நாட்களை அனுசரிக்கலாமா, இறந்தவருக்காக ஜெபிக்கலாமா என்று எந்தப் பேச்சு எழுந்தாலும் கேட்டவர் வேதாகமத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வசனம் இருந்தால் சத்தியம், இல்லாவிட்டால் மனுஷர் கற்பனை. ரோமன் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.காரரும் பாரம்பரியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், நாங்களோ வேதத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது இதற்குள் அடங்கிய தீர்ப்பு.

இந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு நியாயமான கோபம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபை சொன்னதே கடைசி வார்த்தை என்றிருந்த ஐரோப்பாவில், நம் பள்ளிப் புத்தகங்கள் பாவமன்னிப்புச் சீட்டு என்று சொல்லும் அந்தத் தாள் காசுக்கு விற்றது. பாப்பரசர்களும் சங்கங்களும் தவறியிருக்கிறார்கள், ஒருவரையொருவர் மறுத்தும் பேசியிருக்கிறார்கள் என்று 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால் லூத்தர் சொன்னது உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது. நான் மறுப்பது வேறொன்றை. "எங்கள் சபைக்கு வேதம் மட்டுமே அதிகாரம், சபைப் போதனை என்று எங்களிடம் எதுவும் இல்லை" என்ற இன்றைய பேச்சைத்தான் மறுக்கிறேன். அப்படி ஒரு சபை இன்று இல்லை, இதற்கு முன் இருந்ததும் இல்லை. எல்லாச் சபையும் ஏதோ ஒரு போதனையின் கண்கொண்டுதான் வேதத்தை வாசிக்கிறது. சில சபைகள் அந்தப் போதனையை எழுதி, தேதி போட்டு வைத்திருக்கின்றன. சில சபைகள் அதற்கு வேதம் என்றே பெயர் வைத்துவிட்டன.

கண்ணுக்கு முன்னால் இருப்பதிலிருந்தே தொடங்கலாம். பல பெந்தெகொஸ்தே சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கும் பெண் நகையைக் கழற்ற வேண்டும். கேட்டால் 1 தீமோத்தேயு 2:9, 1 பேதுரு 3:3 என்று வசனம் வரும். எடுத்துப் பாருங்கள்: இரண்டு இடத்திலும் தங்கத்தோடு ஒரே மூச்சில் தலைமயிரைப் பின்னுவதும் சொல்லப்பட்டிருக்கிறது. தீமோத்தேயுவில் விலையுயர்ந்த உடையும் சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காது மூளியாக, இடுப்பு வரை நீண்ட பின்னலோடு, நல்ல பட்டுச் சேலையில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னலுக்கு மன்னிப்பு, கம்மலுக்குத் தண்டனை என்று பிரித்தது பவுல் அல்ல, சபை. நகைத் தடை தவறு என்று நான் சொல்லவில்லை. வரதட்சணைக்குப் பவுன் எண்ணும் ஊரில் அது நல்ல ஒழுங்காகவே இருக்கலாம். ஆனால் அது சபை ஒழுங்கு. சபை கூடி, நம் ஊரைப் பார்த்து, வசனத்தில் ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டு வகுத்த போதனை. அப்படிச் சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை. "வேதம் சொல்கிறது" என்பதில்தான் இருக்கிறது பொய்.

இது சின்ன விஷயம் என்பீர்கள். சரி, பெரிய விஷயத்துக்கே போவோம். எவையெல்லாம் வேதம்?

எந்தெந்த நூல்கள் வேதாகமத்தில் சேரும் என்று சொல்லும் வசனம் ஒன்றுகூட வேதாகமத்தில் இல்லை. சீர்திருத்த சபைகளின் கையில் 66 நூல்கள், கத்தோலிக்கர் கையில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் என்று ஏழு கூடி 73. எத்தியோப்பியச் சபை ஏனோக்கின் புத்தகத்தையும் சேர்த்து வாசிக்கிறது. யூதாவின் நிருபம் அந்த ஏனோக்கிலிருந்து மேற்கோள் காட்டுவதை நம் பிரசங்கியார்கள் அதிகம் பேசுவதில்லை. மலபார்க் கிறிஸ்தவர்களுக்கு வந்து சேர்ந்த சுரியானி வேதமான பெஷித்தாவின் புதிய ஏற்பாட்டில் 22 நூல்களே இருந்தன. 2 பேதுரு, 2, 3 யோவான், யூதா, வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய ஐந்தும் அதில் கிடையாது. ஆக, வசனம் காட்டு என்று கேட்பதற்கு முன்னாலேயே ஒரு சபை முடிவு நடந்து முடிந்திருக்கிறது. கையில் இருக்கும் புத்தகத்தின் பொருளடக்கமே அந்த முடிவுதான்.

அந்த முடிவு எப்படி நடந்தது என்பதற்கு யூசேபியஸின் சபைச் சரித்திரத்தில் ஒரு சம்பவம் உண்டு. இரண்டாம் நூற்றாண்டு முடிகிற காலம். அந்தியோக்கியாவின் ஆயர் செராப்பியோன் ரோசஸ் என்ற கடற்கரை ஊர்ச் சபையைப் பார்க்கப் போகிறார். அங்கே பேதுருவின் பெயரில் ஒரு சுவிசேஷத்தை வாசிப்பது பற்றிச் சண்டை. செராப்பியோன் புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், இதுதான் பிரச்சினை என்றால் வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறார். பிறகு, கிறிஸ்து மாம்சத்தில் வந்ததுபோல் தோன்றினாரே தவிர உண்மையில் வரவில்லை என்று போதிக்கிற கூட்டத்தாரிடம் அந்தப் புத்தகம் புழங்குகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு பிரதியை வாங்கிப் படிக்கிறார். பெரும்பகுதி சரிதான், ஆனால் சில இடங்கள் ஒட்டுச் சேர்த்தவை என்று கண்டு, கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுகிறார். அப்போஸ்தலர்களைக் கிறிஸ்துவைப் போலவே ஏற்கிறோம், ஆனால் அவர்கள் பெயரில் பொய்யாக எழுதியவற்றைத் தள்ளுகிறோம், அப்படிப்பட்டவை நமக்குக் கையளிக்கப்படவில்லை என்று எழுதுகிறார்.

இங்கே நடந்ததைக் கவனிக்க வேண்டும். புத்தகத்தின் தலையில் பேதுருவின் பெயர். "வசனம் இருக்கிறதே" என்று ரோசஸ்காரர்கள் கேட்டிருந்தால் வசனமும் இருந்தது. செராப்பியோன் எதை வைத்துத் தள்ளினார்? தனக்கு முன் இருந்தவர்களிடமிருந்து சபை பெற்றுக்கொண்ட விசுவாசத்தை வைத்து. அந்த இடத்தில் புத்தகம் போதனையைச் சோதிக்கவில்லை, போதனைதான் புத்தகத்தைச் சோதித்தது.

இதற்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு: சபை அந்த நூல்களை வேதமாக்கவில்லை, வேதம் என்று அடையாளம் கண்டது, அவ்வளவே. வெளிச்சத்தையும் இருளையும் பிரித்தறிவதுபோல் வேதத்தைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம் என்பது கால்வினின் வாதம். முதல் பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். சபை வேதத்தை உண்டாக்கவில்லை. ஆனால் பார்த்தவுடன் தெரியும் என்பதைச் சரித்திரம் ஒப்புக்கொள்ளவில்லை. நான்காம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியான சைனாய்ட்டிக்கஸில் பர்னபாவின் நிருபமும் எர்மாவின் மேய்ப்பனும் புதிய ஏற்பாட்டை ஒட்டியே எழுதப்பட்டிருக்கின்றன. இன்று நாம் வைத்திருக்கும் அதே 27 நூல்களின் பட்டியலை அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் தம் பாஸ்கா நிருபத்தில் தந்தது 367இல்தான். லூத்தருக்கே தெரியவில்லையே! 1522இல் அவர் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய நான்கையும் கடைசியில் தள்ளி, மற்றவற்றுக்குப் போட்ட வரிசை எண்ணை அவற்றுக்குப் போடாமல் விட்டார். யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றே குறிப்பிட்டார். அந்த நான்கு நூல்களும் இன்று லுத்தரன் வேதாகமத்தில் நிலைத்திருப்பது லூத்தரின் உள்ளுணர்வாலா, சபையின் பழைய தீர்ப்பாலா?

66 என்ற எண்ணின் கதையும் சுவாரசியமானதுதான். லூத்தரின் 1534ஆம் ஆண்டு வேதாகமத்திலும், 1611இன் ஆங்கில வேதாகமத்திலும் தள்ளுபடி ஆகமங்கள் என்று நாம் சொல்லும் நூல்கள் சமமானவையாக அல்லாவிட்டாலும் நடுவில் தனியாக அச்சாகியிருந்தன. அவற்றை அச்சிடப் பணம் தர மாட்டோம் என்று பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் 1826இல் தீர்மானித்தது. அதன் பிறகு உலகெங்கும் போன கோடிக்கணக்கான மலிவு வேதாகமங்கள் அவை இல்லாமலேயே போயின. பாரம்பரியம் வேண்டாம் என்பவர் தூக்கிப் பிடிக்கும் புத்தகத்தின் கனத்தை ஒரு கமிட்டித் தீர்மானமும் சேர்ந்தே நிர்ணயித்திருக்கிறது.

நூல்கள் முடிவாகிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். இனி வேதமே பேசட்டும் என்றால் பேசுமா? 325இல் நிசேயாவில் கூடிய சங்கத்தில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுஸ் வேதத்தைத் தூக்கி எறிந்தவரல்ல. அவர் கையில் நீதிமொழிகள் 8:22 இருந்தது, பிதா என்னிலும் பெரியவர் என்ற பொருளில் வரும் யோவான் 14:28 இருந்தது. வசனத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே நடந்ததை அத்தனாசியுஸ் பின்னாளில் எழுதி வைத்தார். ஆயர்கள் முதலில் வேத வார்த்தைகளையே வைத்து அறிக்கை எழுதப் பார்த்தார்கள். குமாரன் தேவனிடமிருந்து வந்தவர் என்று போடலாமா என்றால், சகலமும் தேவனிடமிருந்துதானே என்று ஆரியுஸ் தரப்பார் தலையாட்டினார்கள். பிதாவுக்கு ஒப்பானவர் என்றால், மனிதனும் தேவசாயல்தானே என்று ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு வேத வார்த்தைக்கும் தங்களுக்குள் முணுமுணுத்து, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சம்மதித்தார்களாம். வேதத்தில் இல்லாத ஒரு சொல்லை, பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று சொல்லும் அந்தக் கிரேக்கச் சொல்லை வைத்தபோதுதான் சிமிட்டல் நின்றது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கூர்மை. 357இல் சிர்மியத்தில் கூடிய ஆரியுஸ் சார்பு ஆயர்கள், இப்படிப்பட்ட சொற்கள் வேதத்தில் இல்லை, ஆகவே யாரும் இவற்றைப் போதிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். "வசனம் காட்டு" என்ற கேள்வியைச் சங்கத் தீர்மானமாகவே எழுதியவர்கள் அவர்கள்தான். திரித்துவத்தை ஏற்கும் பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஒருவர் அந்தக் கேள்வியைக் கையில் எடுக்கும்போது, தாம் யாருடைய ஆயுதத்தை எடுக்கிறோம் என்பதை அறிந்திருப்பது நல்லது. யெகோவாவின் சாட்சிகள் அதே ஆயுதத்தோடு அவர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள்.

நேரடி வசனம் இருக்கிறதே, 1 யோவான் 5:7 என்பார் சிலர். நம் பழைய மொழிபெயர்ப்பில் பரலோகத்து மூன்று சாட்சிகளைச் சொல்லும் வசனம் உண்டு. கிரேக்கப் பிரதிகளில் காணவில்லை என்று எரஸ்மஸ் தம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. நெருக்கடி வந்த பிறகு 1522இல் சேர்த்தார். நிசேயாவின் விசுவாசத்துக்காக வாழ்நாளெல்லாம் போராடிய அத்தனாசியுஸின் கையில் அந்த வசனம் இல்லை. அது இல்லாமலேதான் ஜெயித்தார்.

பழங்கதை போதும், பெந்தெகொஸ்தே வீட்டுக் கதையையே சொல்கிறேன். 1914 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் அசெம்பிளிஸ் ஆஃப் காட் தொடங்கியது. கூடியவர்களில் பலர் பழைய சபைகளின் விசுவாசப் பிரமாணங்களால் அடிபட்டு வெளியே வந்தவர்கள். ஆகவே பிரமாணம் எதுவும் எழுத மாட்டோம், விசுவாசத்துக்கும் நடத்தைக்கும் வேதமே போதுமான சட்டம் என்று முடிவெடுத்தார்கள். இன்று நாம் கேட்கும் அதே வாசகம், ஆனால் உண்மையான மனதோடு சொன்னது. அதற்கு முந்தைய வருஷமே லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே நடந்த முகாம் கூட்டம் ஒன்றில் ஒரு பிரசங்கியார் அப்போஸ்தலர் நடபடிகளை எடுத்துக் காட்டியிருந்தார். அப்போஸ்தலர்கள் யாரும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்லி ஞானஸ்நானம் கொடுத்ததாக அதில் இல்லை, இயேசுவின் நாமத்தில்தான் கொடுத்தார்கள் என்றார். அப்போஸ்தலர் 2:38 எதிராளி கையில், மத்தேயு 28:19 இவர்கள் கையில். நாமம் ஒன்றுதான் என்றால் ஆளும் ஒருவரே, திரித்துவம் என்பது பின்னாள் சங்கங்களின் கற்பனை என்ற இடத்துக்கு அது போய்விட்டது. வசனம் மட்டும் என்று சத்தியம் செய்தவர்களிடம், வசனத்தை மட்டும் வைத்து வந்து நிற்கிறார்கள்! என்ன பதில்?

பதில் 1916 அக்டோபரில் செயின்ட் லூயிஸில் வந்தது. அடிப்படைச் சத்தியங்களின் அறிக்கை என்று ஒன்றை எழுதி, திரித்துவத்தைப் பற்றி அதில் நீளமாகவே எழுதி நிறைவேற்றினார்கள். இந்த அறிக்கையின் மனித வார்த்தைகள் ஏவப்பட்டவை அல்ல, ஆனாலும் இதிலுள்ள சத்தியம் ஊழியத்துக்கு அவசியம் என்று முகப்பிலேயே சொல்லிக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினார்கள். அந்தப் பிளவின் இரண்டு பக்கத்துச் சபைகளும் தமிழ்நாட்டில் இன்று உண்டு. என்னைக் கேட்டால் அவர்கள் செய்தது சரி. நிசேயா செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். பிரமாணம் வேண்டாம் என்றவர்களால் மூன்று வருஷம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்பதை அவர்களுடைய ஆவிக்குரிய பிள்ளைகள் நமக்குச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இரகசிய வருகையையும் விடக் கூடாது. ஏழு வருஷ உபத்திரவத்துக்கு முன்னால் சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதைத் தமிழ்நாட்டில் எத்தனையோ கூட்ட மேடைகள் சந்தேகத்துக்கு இடமில்லாத வேத சத்தியமாகப் போதிக்கின்றன. இந்த வரிசைமுறை 1830களில் பிரதரன் இயக்கத்து ஜான் நெல்சன் டார்பி வகுத்தது. 1909இல் ஆக்ஸ்போர்டு அச்சகம் வெளியிட்ட ஸ்கோஃபீல்டு வேதாகமம் அதைப் பக்கத்தின் அடியில் குறிப்பாக அச்சிட்டது. மேலே பவுல், கீழே ஸ்கோஃபீல்டு, நடுவில் ஒரு கோடு. இரண்டு தலைமுறை அப்படி வாசித்தவர்களுக்குக் கோடு மறைந்துபோயிற்று. நூற்றாண்டுகளாய்ச் சபை வெளியரங்கமான வருகையாக வாசித்த 1 தெசலோனிக்கேயர் 4:17 இரகசியமாகிவிட்டது. பாரம்பரியத்தை வெறுப்பவர்களின் பாரம்பரியத்துக்கு இன்னும் இருநூறு வயது ஆகவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

இனி அவர்கள் காட்டும் வசனங்கள். 2 தீமோத்தேயு 3:16 வேதவாக்கியம் உபதேசத்துக்குப் பிரயோஜனமானது என்கிறது. பிரயோஜனமானது என்பது அது மட்டும் என்று ஆகாது. அதற்கு முந்தைய வசனத்தில் தீமோத்தேயு சிறுவயது முதல் அறிந்திருந்ததாகச் சொல்லும் வேதம் பழைய ஏற்பாடு. அது மட்டும் போதும் என்றால் பவுலின் நிருபங்களையும் சேர்த்தே கழிக்க வேண்டும். அதே பவுல் 2 தெசலோனிக்கேயர் 2:15இல் வாய்ச்சொல்லாலும் நிருபத்தாலும் பெற்ற இரண்டையும் கைக்கொள்ளச் சொல்கிறார். மாற்கு 7ஐ மட்டும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கைக் கணக்கில் எழுதித் தப்பிக்கும் பாரம்பரியத்தை இயேசு கிழித்து எறிகிறார். பாரம்பரியத்தை வேதம் நியாயந்தீர்க்கலாம், தீர்க்க வேண்டும். கத்தோலிக்கச் சபையே 1965இல் இறை வெளிப்பாடு பற்றிய தன் ஏட்டில், போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேற்பட்டதல்ல, அதற்குப் பணிவிடை செய்வது என்று எழுதியிருக்கிறது. ஒனோரியுஸ் என்ற பாப்பரசரை 681இல் ஒரு பொதுச்சங்கமே, அவர் இறந்த பின், கண்டனம் செய்தது. சபைப் போதனை தவறாதது என்பதல்ல என் வாதம்.

லூத்தரும் வேதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. 1528இல் சாக்சனியின் கிராமச் சபைகளைப் பார்வையிட்டு, ஜனங்களுக்கும் போதகர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று நொந்துபோய், மறுவருஷம் ஞானோபதேசம் எழுதினார். அந்த வருஷமே மார்பர்க் அரண்மனையில் இன்னொரு சீர்திருத்தவாதியான ஸ்விங்லியோடு உட்கார்ந்தார். திருவிருந்து பற்றிய வேத வாக்கியத்தை மேசைமேல் சாக்குக்கட்டியால் லத்தீனில் எழுதிவைத்து, மேலே விரிப்பைப் போட்டு மூடிக்கொண்டார். ஸ்விங்லியும் வேதம் மட்டும் என்றவர்தான். பதினைந்து காரியங்களில் பதினான்கில் ஒத்துப்போய், மேசையில் எழுதியிருந்த அந்த ஒன்றில் பிரிந்தார்கள்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கியதோடு லூத்தரின் ஞானோபதேசத்தையும் தமிழாக்கினார். அந்த மிஷனை எதிர்த்துக் கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர் பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று எழுதினார். காரசாரமான எழுத்து, சில இடங்களில் வசை. ஆனாலும் எதிராளி என்ன போதிக்கிறான் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது. எழுத்தில் இருந்த போதனை, ஆகவே மறுக்கக் கூடிய போதனை.

"வேதம் மட்டும்" சபையில் மறுப்பதற்கு என்ன இருக்கிறது? தசமபாகத்தை மொத்தச் சம்பளத்தில் கொடுக்க வேண்டுமா, கைக்கு வந்ததில் கொடுக்க வேண்டுமா என்பது முதல், மருந்து சாப்பிடலாமா என்பது வரை மேடையில் இருப்பவர் தீர்க்கிறார். தீர்த்துவிட்டு, நான் சொல்லவில்லை, வேதம் சொல்கிறது என்கிறார். எதிர்க்கேள்வி கேட்ட விசுவாசி பாஸ்டரோடு வாதாடவில்லை, தேவனோடு வாதாடுகிறார் என்று ஆகிவிடுகிறது. அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே என்று சங்கீதம் 105 அவர் மேலேயே திரும்புகிறது. ரோமாபுரியின் பாப்பரசருக்கு இந்த வசதி கிடையாது. அவர் ஒன்றை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தால் அது அவர் பெயரில், தேதியோடு, எல்லோரும் பார்க்க அச்சில் இருக்கும். 1950 நவம்பர் 1 அன்று மரியாளின் விண்ணேற்பை அறிவித்த ஏட்டை இன்றைக்கும் எடுத்து வைத்துக்கொண்டு, இதற்கு வசனம் எங்கே என்று யாரும் கேட்கலாம். கேட்கவும் கேட்கிறார்கள்.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கச் சபையும், விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. சீர்திருத்தம் வெடித்ததே அந்த விஷயத்தில்தான். ஒரு பக்கம் 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையைக் கொண்டுவந்தது, மறுபக்கம் 1547இன் திரிதெந்தின் சங்கத் தீர்ப்பைக் கொண்டுவந்தது. நாங்கள் அன்று சபித்தது உங்கள் இன்றைய போதனையைத் தொடாது என்று வரிவரியாகப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை, அதையும் எழுதியே வைத்தார்கள். தரங்கம்பாடி வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அந்தச் சம்மேளனத்தைச் சேர்ந்ததுதான். வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரும் போட்ட சண்டையின் இரு தரப்பு வாரிசுகளும் இன்று அந்தத் தாளின் கீழ் வருகிறார்கள். எங்களிடம் வசனம் மட்டுமே இருக்கிறது என்கிற சுயாதீன சபைக்காரரை அப்படி ஒரு மேசைக்கு அழைத்தால், அவர் எந்தத் தாளை எடுத்துக்கொண்டு வருவார்?